செயல் எந்த இடத்தில் அறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

“மேடம், நான் சோம்பேறி.” என் எதிரில் வந்து உட்காருகிற பிள்ளைகளில் பலர் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். சென்னையில் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தெரிந்தவர்கள் சொல்லிப் பெரியவர்களும் வருவார்கள். வயது எதுவானாலும் தன்னைப் பற்றிய தீர்ப்பை எழுதி எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. வண்டி கிளம்பாவிட்டால் தெருமுனை மெக்கானிக் அதைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி அடிக்கிறதா, பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நினைத்ததற்கும் செய்வதற்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் கயிறு அறுகிறது. அந்த இடத்தைத் தேட வேண்டும்.

கைவைக்கும் முன்

மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டு ஒன்று போதும். செய்ய நினைத்ததை விட்ட ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், அதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உள்ளே என்ன ஓடியது. தேதி போட மறக்காதீர்கள். “எனக்கே தெரியுமே, எதுக்கு எழுதணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. எழுதிய பிறகு அப்படிக் கேட்டவர்கள் குறைவு.

இன்னொன்று உடம்பு. சில மாதங்களாகவே சோர்வு என்றால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துவிட்டு மனதுக்கு வாருங்கள். “படிப்பில் பிடிப்பு போய்விட்டது” என்று அழுதபடி வந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இருந்தது. அவளுக்குத் தேவைப்பட்டது அறிவுரை இல்லை, இரும்புச்சத்து. தூக்கத்தையும் இங்கேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்குக் கீழே உள்ள எதுவும் முழுதாகப் பலிக்காது.

“உட்கார்றேன், கை தானா போனுக்குப் போகுது”

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். நாள் முழுக்கப் போனிலேயே இருப்பதாகத்தான் சொன்னாள். நோட்டு வேறு கதை சொன்னது. வரலாறு, அரசியலமைப்பு என்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் படித்திருக்கிறாள். போனை எடுத்த ஒன்பது முறையில் ஏழு முறை எதிரில் இருந்தது கணக்கு. ஏன் என்று பேசப் பேச, எட்டாம் வகுப்பில் விடை தெரியாமல் கரும்பலகை முன் நின்ற ஒரு மதியம் வெளியே வந்தது.

தள்ளிப்போடுவதை ஆராய்ந்த ஃபுஷியா சிரோய், திமோதி பிச்சில் இருவரும் சொல்வது இதைத்தான்: இது நேரத்தைக் கையாளத் தெரியாத குறையைவிட, அந்த நேரத்து உணர்வைக் கையாளும் முயற்சி. “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொன்ன அந்த நொடியில் நெஞ்சு லேசாகிறது. அந்த லேசுதான் கூலி. கூலி கிடைக்கிற வேலையை மனம் மறுபடி செய்யும். புது டைம்டேபிள் போட்டு இதைத் தீர்க்க முடியாததும் அதனால்தான். டைம்டேபிள் மணியைத்தான் மாற்றும், பயத்தை அல்ல.

கை போனுக்குப் போகும்போது, போகவிட்டாலும் சரி, ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள்: பயம், சலிப்பு, வெட்கம், குழப்பம், எதுவோ அது. பிறகு வேலையை அந்த உணர்வைவிடச் சின்னதாக நறுக்குங்கள். அவளுக்கு நாங்கள் நறுக்கியது இவ்வளவு: ஏற்கெனவே போட்டுக் காட்டியிருக்கும் ஒரு கணக்கை அப்படியே பார்த்து எழுதுவது. விடை தெரியாமல் நிற்கும் கணமே அதில் வராது. இரண்டு வாரம் அதை மட்டுமே செய்தாள். மூன்றாவது வாரம் கடைசி வரியை மறைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள், நான் சொல்லவில்லை.

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது: திட்டினால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் படிப்பான். தனக்குத் தானே அதே வைத்தியம் செய்துகொள்கிறவர்களும் ஏராளம். மைக்கேல் வோலும் பிச்சிலும் ஷானன் பென்னெட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு மாணவர்களை இரண்டு தேர்வுகளின்போது கவனித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் இரண்டாவது தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டு வாங்கிய மனம் அந்தப் பாடத்தின் பக்கமே போகப் பயப்படுகிறது. ரோஷம் ஒரு நாள் ஓட்டும். அதற்குமேல் அது ஓட்டி நான் பார்த்ததில்லை.

“மூணு நாள் செஞ்சேன், நாலாம் நாள் நின்னுபோச்சு”

ஜனவரி 1, பொங்கல், சித்திரை 1, பிறந்தநாள் என்று நாள் பார்த்துத் தொடங்குவதில் தவறில்லை. புதுத் தொடக்கம் போலத் தோன்றும் நாட்களில் மக்கள் அதிகம் முயல்கிறார்கள் என்பதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் காட்டினார்கள். நல்ல நாள் தள்ளிவிடும், இழுத்துக்கொண்டு போகாது.

இந்த அறிகுறியோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: “எப்போது செய்வீர்கள்?” “காலையில”, “ஆபீஸ் விட்டு வந்து”, “டைம் கிடைக்கும்போது” என்பார்கள். கயிறு அறுவது அங்கேதான். ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் தோற்க ஒரு வாய்ப்பு. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிரான்ட்ஸ்டேட்டரும் 1997-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் 48 மணி நேரத்துக்குள் ஒரு சின்ன அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எந்த நேரம், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அனுப்பிவிட்டார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

ஆகவே ‘இது நடந்தால் அது’ என்று எழுதுங்கள். “காலை காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவேன்.” மணியைவிட ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலில் முடிச்சுப் போடுவது நல்லது. அலாரத்தை அணைத்துவிடலாம், காபியை யாரும் அணைப்பதில்லை.

சென்னைக்காரர்கள் இரண்டாவது வரி ஒன்றும் எழுத வேண்டும். இந்த ஊரில் நடைப்பயிற்சி அறுவதற்கென்றே இரண்டு பருவங்கள் இருக்கின்றன. ஒன்று கத்திரி வெயில், மற்றது ஐப்பசி கார்த்திகை மழை. ஜூலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் பார்த்த முகங்களில் பல டிசம்பரில் இருக்காது. மழை ஒரு வாரம் பெய்கிறது. நின்றது மூன்று மாதம் நின்றுவிடுகிறது. “தரை ஈரமாக இருந்தால் மாடிப்படி ஐந்து முறை ஏறி இறங்குவேன்” என்று செப்டம்பரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

எத்தனை நாளில் பழகும்? ஒரு மண்டலம், 48 நாள் என்று நம் பெரியவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பாக 66 நாள் வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: 18 நாளில் பழகியவரும் உண்டு, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகிற்று, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் வந்தது உங்களுக்கு வரவில்லை என்றால் அதில் உங்கள் குறை ஒன்றுமில்லை. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது சொல்லத்தக்க அளவில் கெடவில்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிகுறிக்குத் தேவைப்படும்.

“ஒரு நாள் தவறிச்சு, எல்லாம் போச்சு”

நான் பார்க்கிற கோளாறுகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான்.

நங்கநல்லூரில் இருக்கும் ஓய்வு பெற்ற சார் ஒருவர். சர்க்கரை நோயாளி. ஐந்து மாதம் அப்படி ஒரு கட்டுப்பாடு; டாக்டரே பாராட்டினார். தீபாவளியன்று மகள் வீட்டிலிருந்து வந்த டப்பாவில் ஒரு மைசூர்பாகு எடுத்துச் சாப்பிட்டார். ஒரே ஒரு துண்டு. ராத்திரிக்குள் டப்பா காலி. அடுத்த பத்து நாள் மருந்தையும் நடையையும் சேர்த்தே விட்டுவிட்டார். “அதான் கெட்டுப்போச்சேம்மா, இனிமே பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்” என்றார். அந்த ஒரு துண்டு அவர் உடம்புக்குச் செய்த கெடுதல் சிறிது. அதற்குப் பிறகு வந்த பத்து நாள்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது.

நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நாம் பழமொழியாகவே வைத்திருக்கிறோம். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் இதைச் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். சுவை பார்க்கும் ஆய்வு என்று சொல்லிக் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக், பிறகு வேண்டிய அளவு ஐஸ்கிரீம். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைக்காதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ அதைக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது இரு சாராருக்கும் ஒன்றுதான். ஒரு சாராருக்கு விதி உடைந்துவிட்டது, அவ்வளவே.

விதி ‘ஒருபோதும் இல்லை’ என்று இருந்தால் அது கண்ணாடி. ஒரு விரிசலில் முழுதும் போகும். அதனால் இந்த அறிகுறி உள்ளவர்களுக்கு இலக்கைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். தவறும் நாளுக்கும் ஒரு விதி எழுதச் சொல்வேன். அதைத் தவறும் முன்பே, தெளிந்த மனதோடு, கையால் எழுத வேண்டும். சார் எழுதியது இது: “இனிப்பு சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. பட்டினி கிடையாது. அன்று சாயங்காலம் வழக்கமான நடை. மருந்து எப்போதும் போல.” அடுத்த வேளை என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நாளையோ திங்கட்கிழமையோ பொங்கலோ இல்லை, அடுத்த வேளை. பட்டினியை ஏன் தடுத்தோம் என்றால், தண்டனையாகக் கிடக்கிற பட்டினி அடுத்த உடைசலுக்கு வழி போடும்.

கோடு போட்டுத் தொடர்ச்சி காட்டும் செயலிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 112 நாள் தொடர்ந்து செய்தவருக்கு 113-ஆவது நாள் தவறினால் திரையில் பூஜ்யம் வந்து நிற்கிறது. 112 நாள் எங்கே போயிற்று? உடம்பிலும் மூளையிலும் அது அப்படியே இருக்கிறது. எண் மட்டும்தான் அழிந்தது. சுவரில் தினசரி காலண்டர் மாட்டி, செய்த தேதித் தாள்களைக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தவறிய நாளால் டப்பாவில் இருப்பது குறையாது.

“ஆபீஸ் முடிஞ்சு வந்தா கட்டுப்பாடே இல்ல”

மன உறுதி ஒரு தொட்டி, நாள் முழுக்கச் செலவழித்தால் மாலையில் வறண்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1998-இல் ராய் பாமெய்ஸ்டரும் சகாக்களும் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்த எண்ணம் இது. சாக்லேட் வாசனை வரும் அறையில் முள்ளங்கி மட்டும் தின்ன வைக்கப்பட்டவர்கள், பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். ஆனால் 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதே கருத்தைச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே ஆயிற்று. களைப்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தொட்டியை நிரப்புவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே நான் எடுத்துக்கொள்வது.

பிறகு எதைப் பார்ப்பது? ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹாஃப்மனும் சகாக்களும் 205 பேரை அவர்கள் அன்றாட வாழ்க்கையிலேயே பின்தொடர்ந்து, நாளில் பலமுறை “இப்போது என்ன ஆசை?” என்று கேட்டுப் பதிவுசெய்து 2012-இல் வெளியிட்டார்கள். சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுவார்கள் என்று நினைப்போம். அவர்கள் குறைவாகவே மல்லுக்கட்டினார்கள். மல்லுக்கட்ட வேண்டிய இடத்துக்கே அவர்கள் அதிகம் போவதில்லை என்றே தோன்றுகிறது. பஜ்ஜிக் கடை வாசலில் நின்றுகொண்டு வேண்டாம் என்பதைவிட அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போவது எளிது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போய் உட்காரும் பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கிறவர்களைவிட அதிக மன உறுதி இருக்க வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியும் எதிர் நாற்காலியும் படித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் இந்த வைத்தியம் பலிக்காத ஒருத்தியிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பெரம்பூரில் வீடு, சிறுசேரியில் வேலை. போகவர நாளுக்கு நான்கு மணி நேரம். ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கையில் போனைத் திறந்தால் மூட ஒன்றரை ஆகிவிடும். போனை ஹாலில் சார்ஜ் போடச் சொன்னேன். ஒரு வாரம் செய்தாள். எட்டாம் நாள் எழுந்து போய் எடுத்து வந்துவிட்டாள். நோட்டில் அவள் எழுதியிருந்த வரி என்னை நிறுத்திவிட்டது: “இந்த ரெண்டு மணி நேரம்தான் யாரும் என்கிட்ட எதுவும் கேக்காத நேரம்.”

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதர்களுக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறார்கள்: தானே முடிவெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, தனக்கென மனிதர்கள். காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி பதினொன்று வரை அவள் நாளில் முதலாவது இல்லவே இல்லை. அந்த நள்ளிரவைப் பிடுங்கினால் அவளுக்கு என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே போனை விட்டுவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசினோம். இப்போது வந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் தனியாக இருக்கிறாள். குக்கர் வைப்பது கணவர். முதல் வாரம் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு அவரே காபியை மேலே கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். தூக்கம் பன்னிரண்டுக்கு முன் வந்துவிட்டது. உங்கள் நோட்டிலும் இதே மாதிரி வரி இருந்தால் கட்டுப்பாட்டைத் தேடாதீர்கள். பகலில் ஒரு அரை மணி நேரத்தைத் தேடுங்கள். அதைக் கொடுக்கும்படி வீட்டாரைக் கேளுங்கள்.

“ஏதாவது வாங்கித் தரேன்னாத்தான் பையன் படிக்கிறான்”

சுருக்கமாகச் சொல்கிறேன். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளில் சிலருக்கு மட்டும் “வரைந்தால் பரிசுப் பத்திரம்” என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப் போல ஏறத்தாழப் பாதி நேரமே தாமாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஏற்கெனவே பிடித்த பாடத்துக்கு விலை பேசாதீர்கள். பிடிக்காத பாடத்துக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சொன்னால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரை நம்பி, முதல் இனிப்பைத் தின்னாமல் இருந்தால் கிடைக்கும் இரண்டாவது இனிப்புக்காகக் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றிய பெரியவரிடம் 3 நிமிடம். காத்திருக்காத குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று முடிவுகட்டும் முன், போன வருடம் சொன்ன சைக்கிள் வந்ததா என்று பாருங்கள்.

“எதுவுமே வேணாம்னு இருக்கு”

முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, நாள் முழுக்க மனம் கனக்கிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருக்கிறது என்றால் மேலே சொன்ன எந்த முறையையும் போட்டு உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவம் உண்டு. ஆர்வம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயல்களை முன்னே வைத்து ஆர்வத்தைப் பின்னால் வரவைக்கும் சிகிச்சை ஒன்றைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் 495 பேரிடம் சோதித்தார்கள். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். நன்றாகவே பலன் கிடைத்தது. 2017-இல் முடிவுகள் வெளியாயின.

இந்த ஊரில் ஒருவரை மட்டம் தட்ட “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவ நிலையத்தின் முகவரியை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல் காதில் விழுந்த காரணத்தாலேயே உதவி கேட்காமல் ஒன்றரை வருடம் கழித்த பையனை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். கீழ்ப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி என்று பெரிய அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இன்றே, இப்போதே கூப்பிடுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, அவரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த மளிகை நோட்டையும் எடுத்துப் போங்கள். “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று அவர் கேட்பார். அந்த நேரத்தில் வாய் வராது. தேதியோடு எழுதியிருக்கிறீர்கள், பக்கத்தைத் திறந்து நீட்டினால் போதும்.